ஒரு பக்கம் மட்டும் உயரம்

ஆட்டையாம்பட்டி
11 நவம்பர் 2024, திங்கள் மாலை

மரியாதைக்குரிய டாக்டர் சண்முகப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்குள்ள மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். பெயர் பூபதி. ஏழு ஆண்டுகளாக நான் எடுத்து அனுப்பும் படங்களை நீங்கள் சேலத்தில் உட்கார்ந்து படித்து அறிக்கை அனுப்புகிறீர்கள். நாம் பேசிக்கொண்டதில்லை. உங்கள் நிலையத்துக்கும் எங்கள் மருத்துவமனைக்கும் உள்ள ஒப்பந்தப்படி, படம் எடுப்பவர் படம் படிப்பவரைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. ஐயம் இருந்தால் எழுத்து மூலம் கேட்கலாம். எழுத்து என்றால் மின்னஞ்சல் என்கிறார் எங்கள் மேலாளர் தனசேகர். மின்னஞ்சலின் கடவுச்சொல் அவருடைய மைத்துனரிடம் இருக்கிறது. மைத்துனர் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். ஆகவே பேனா. தினமும் மாலையில் இரத்தக் குப்பிகளைச் சேலத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

இன்று காலை தனப்பிரியா என்ற ஆறு வயதுச் சிறுமியின் மார்புப் படத்தை அனுப்பியிருந்தேன். ஐந்து நாளாகக் காய்ச்சல், இருமல், வலப்பக்கம் வலி. நிமோனியா என்று எங்கள் குழந்தை மருத்துவர் கௌதமன் உள்ளே சேர்த்து ஊசி போட்டுவருகிறார். காய்ச்சல் இறங்கவில்லை. மதியம் உங்கள் அறிக்கை வந்தது: “வலது உதரவிதானம் உயர்ந்துள்ளது. மூச்சு போதவில்லை. மறுபடம் எடுக்கவும்.”

குழந்தை மூச்சை உள்ளே இழுக்காத நேரத்தில் படம் எடுத்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்து வைத்த இரண்டு சட்டிகளைப் போல இருக்கும் உதரவிதானம் மேலேறி நிற்கும். நுரையீரல் சுருங்கி வெளுத்து, இல்லாத நிமோனியாவும் இருப்பதுபோலத் தெரியும். இதை உங்களிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனால் மூச்சு என்பது இரண்டு பக்கத்துக்கும் பொது. போதாவிட்டால் இரண்டு சட்டியும் ஏற வேண்டும். இடது பக்கத்தில் சட்டிக்கு மேலே முன் விலா எலும்புகளை எண்ணிப் பாருங்கள். ஆறு இருக்கும். வலது பக்கம் நான்கு. வலப்பக்கம் மட்டும் மூச்சு இழுக்க மறந்த குழந்தையை என் முப்பத்தொரு ஆண்டுத் தொழிலில் நான் பார்த்ததில்லை. குற்றம் சாட்டுவதானால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சாட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் நான் பொறுப்பேற்க இயலாது.

எங்கள் கருவி மறுபடங்களை எண்ணி வைக்கிறது. மாதக் கடைசியில் அந்தத் தாளைத் தனசேகர் சுவரில் ஒட்டுவார். குழந்தைகள் என்ற கட்டத்தில் என் பெயருக்கு நேரே, கருவி வந்த நாள் முதல் பூஜ்ஜியம். புதிதாகச் சேரும் மருத்துவர்கள் அதை அச்சுப்பிழை என்று நினைப்பது வழக்கம்.

ஆகவே மறுபடம் எடுக்கவில்லை. ஒரு வாக்கியத்துக்காக ஒரு குழந்தையின் மேல் இரண்டாம் முறை கதிர் பாய்ச்ச மாட்டேன் என்று டாக்டர் கௌதமனிடம் சொல்லிவிட்டேன். அவர் வாசலில் எண்பது பேர் காத்திருந்தார்கள். ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். “சரி, நாளைக்குப் பாக்கலாங்க” என்றார்.

அறிக்கையைத் திருத்தி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூபதி

பி.கு.: வலது சட்டியின் உச்சி வழக்கம்போல் நடுவில் இல்லாமல் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. படத்தின் குறை என்று அதையும் எழுதிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.


சேலம்
12 நவம்பர் 2024, செவ்வாய் காலை

திரு. பூபதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இரத்தக் குப்பிகளோடு ஐஸ் பெட்டியில் வந்தது. அப்படியும் ஆறியிருக்கவில்லை.

எட்டு மணிக்குப் படித்தேன். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு டாக்டர் கௌதமனைத் தொலைபேசியில் அழைத்தேன். எனக்கு அழைக்க அனுமதி உண்டு. நீங்கள் இதைப் படிக்கும்போது அடுத்த படம் எடுத்து முடித்திருப்பீர்கள். ஆகவே இந்தக் கடிதம் குழந்தைக்காக அல்ல, உங்களுக்காக.

முதலில் என் பக்கம். ஒரு நாளைக்குப் பதினோரு மருத்துவமனைகளிலிருந்து நூற்றிருபது படங்கள் படிக்கிறேன். குழந்தைகளின் உதரவிதானம் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் அழுகைதான். அழுகிற குழந்தை மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், எடுப்பவர் அவசரத்தில் பொத்தானை அழுத்தியிருப்பார். அதனால் எங்கள் மென்பொருளில் ‘உயர்ந்துள்ளது’ என்று நான் தேர்ந்தெடுத்த உடனே, ‘மூச்சு போதவில்லை, மறுபடம் எடுக்கவும்’ என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அழிக்க நான்கு முறை அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

விலா எலும்புகளை எண்ணினேன். இடது பக்கம் ஆறு. ஒப்புக்கொள்கிறேன். வலது பக்கம் அடியில் கல்லீரல் இருப்பதால் எவருக்கும் சற்று உயரம்தான், ஆனால் இரண்டு விலா அளவுக்கு அல்ல. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் பக்கம். கொல்லன் தெருவையும் பூஜ்ஜியத்தையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உச்சி வெளியே தள்ளியிருப்பதைப் பின்குறிப்பில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் கடிதம். மற்றதெல்லாம் பின்குறிப்பு.

உச்சி அப்படித் தள்ளியிருந்தால், நாம் உதரவிதானம் என்று நினைத்துப் பார்ப்பது உதரவிதானமாகவே இல்லாமல் இருக்கலாம். நுரையீரலுக்கு அடியில் நீர் கோத்து, அதுவே சட்டிபோல வேடம் போட்டு நிற்கும். வலப்பக்கமாகப் படுக்க வைத்து எடுத்தால் நீர் ஓடி விலா ஓரமாகப் பரவும், வேடம் கலைந்துவிடும். அதைத்தான் டாக்டர் கௌதமனிடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் அதை நேற்றுக் காலையே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததை, உங்கள் படத்துக்கு வக்காலத்து வாங்கப் பயன்படுத்தினீர்கள்.

ஒரு கேள்வி. நீர் கோத்த குழந்தைக்கு மூச்சு இழுத்தால் வலிக்கும். மற்ற பத்து மருத்துவமனைகளிலிருந்து எனக்கு வருவது நான்கரை விலா. உங்களுக்கு எப்படி ஆறு கிடைக்கிறது?

சண்முகப்பிரியா


ஆட்டையாம்பட்டி
13 நவம்பர் 2024

மரியாதைக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நேற்றுப் பத்து மணிக்கே படுக்க வைத்து எடுத்தோம். வலப்பக்கம் சாயும்போது குழந்தை முனகியது. தாய் சித்ரா கதிரைத் தடுக்கும் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு தோளைப் பிடித்துக்கொண்டார். படம் திரைக்கு வந்ததும், விலா ஓரம் முழுக்க ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் பட்டை ஓடியிருந்தது. சட்டியைக் காணோம். நீங்கள் சொன்ன வேடம் கலைந்துவிட்டது. மதியமே அவளைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்கேன் பார்த்து நீரை உறுதி செய்ததாக டாக்டர் கௌதமன் சொன்னார்.

உங்கள் கேள்விக்குப் பதில்.

“மூச்சை நல்லா இழு” என்று குழந்தைகளிடம் சொல்லக் கூடாது. சொன்னால் வயிற்றை எக்குவார்கள். சட்டி இன்னும் மேலே போகும். பெரியவர்களும் அப்படித்தான், ஆனால் அவர்களிடம் சொல்ல முடியாது. ஆகவே நான் கிணற்றில் இறக்கிவிடுவேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முங்குவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்களன்று நடந்தது இது.

“சாமி, இப்ப நாம கெணத்துல முங்கப் போறோம். அடி வரைக்கும் போயி மண்ணு அள்ளிட்டு வரோணும்” என்றேன்.

“எங்க கெணத்துல தண்ணி இல்லீங்க” என்றாள்.

“பக்கத்துக் காட்டுக் கெணறு?”

“அதுலயும் இல்லீங்க. எங்கப்பா ரிக்கு வண்டியில வடக்க போர் போடப் போயிருக்குது. அங்க எல்லாத்துக்கும் போட்டுட்டு வந்துதான் எங்களுக்குப் போடுமாம்.”

“அப்பறம் நீ எங்கதான் முங்குவ?”

“தொட்டியில. எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். “ஊட்டுக்கு வா, உனக்கு இருக்குது” என்றார். அந்த நேரம் பார்த்து, “சரி, முங்கு சாமி” என்றேன்.

அவள் இழுத்தாள். பாதியில் வலி பிடித்தது, முகம் கோணியது. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் இழுத்து, அடக்கி நின்றாள். நான் அழுத்தினேன். பிறகு “மேல வா” என்றேன். அப்போதுதான் அழுதாள்.

நீங்கள் எண்ணிய ஆறு விலா அதுதான். அது என் திறமை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதும் முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூச்சுக்கு அவள் கொடுத்தது என்னவென்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அதன் மேல் ‘போதவில்லை’ என்று எழுதியிருக்கிறது. என்னைப் பற்றிய வரியாக இருந்தால் மறந்துவிடலாம். அது அவளைப் பற்றியது. திருத்த வேண்டும்.

பின்குறிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். பதில் தோன்றினால் எழுதுகிறேன்.

பூபதி


சேலம்
20 நவம்பர் 2024

திரு. பூபதி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, தனப்பிரியாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் வார்டுக்குப் போனேன். நான் உட்காரும் இருட்டறையிலிருந்து அந்த மருத்துவமனை நான்கு தெரு. ஒன்பது ஆண்டுகளில், படத்தில் பார்த்த ஒருவரை நேரில் பார்க்க நான் எங்கும் போனதில்லை. தேவைப்பட்டதில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

குழாய் வைத்து இருநூறு மில்லி நீர் எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குழாயை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நீர் இவ்வளவு கெட்டிப்பட்டிருக்காது என்று அங்குள்ள மருத்துவர் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் குறையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

தனப்பிரியா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஊசி டாக்டருங்களா?”

“இல்லை. படம் பாக்கற டாக்டர்.”

“தியேட்டர்லயா?”

கைப்பேசியில் அவளுடைய படத்தைக் காட்டி, நீர் இருந்த இடத்தைச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தாள். “எங்க கெணத்துல இல்லாத தண்ணி எனக்குள்ள எப்படீங்க வந்துச்சு?” என்றாள். தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். அந்தக் கேள்வி எந்தத் தேர்விலும் வந்ததில்லை. சித்ரா, “தொட்டியில முங்குனா அப்படித்தான் வரும்” என்றார். மருத்துவப்படி அது தவறு. ஆனால் அந்த அம்மாளுக்கு அந்த வாதம் தேவைப்படும் என்று தோன்றியதால் மறுக்கவில்லை.

நான் இராசிபுரத்துப் பெண். எங்கள் வீட்டிலும் கிணறு இருந்தது. அண்ணன்மார் முங்குவார்கள், நான் துண்டு வைத்துக்கொண்டு மேலே நிற்பேன். உங்கள் முறை என்னிடம் பலித்திருக்காது.

திருத்தம் அனுப்பிவிட்டேன்: “மூச்சு முழுமையாக உள்ளது. வலது நுரையீரலின் அடியில் நீர். முதல் அறிக்கையின் குறை வாசிப்பில், படத்தில் அல்ல.” உங்களிடம் இருப்பதுபோல என்னிடமும் ஒரு பூஜ்ஜியம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் நான் வெளியிடும் முதல் திருத்தம் இது. எங்கள் தலைமை மருத்துவர் எழுந்து வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தை உங்கள் கருவி மறுபடம் என்று எண்ணியிருக்கும். காரணம் கேட்டால், ‘மருத்துவர் ஐயம்’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பூஜ்ஜியம் தப்பிக்கும். அது உங்களுக்கு நியாயமாக உரியது.

சண்முகப்பிரியா


ஆட்டையாம்பட்டி
30 நவம்பர் 2024

மரியாதைக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

திருத்தம் கிடைத்தது. அதன் முதல் இரண்டு வாக்கியங்களை ஏற்கிறேன். மூன்றாவதை ஆட்சேபிக்கிறேன்.

குறை வாசிப்பில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. மறுபடம் எடுக்கச் சொன்னீர்கள். காரணம் தவறு, ஆனால் சொன்னது சரி. இன்னொரு படம் தேவையாகத்தான் இருந்தது. எடுத்து அனுப்பியிருந்தால், அதே உயரத்தை இரண்டாம் முறை பார்த்து அன்று மாலையே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் எடுக்கவில்லை. உச்சி தள்ளியிருப்பதைப் பார்த்தேன், டாக்டர் கௌதமனிடம் வாயால் சொல்லப் பத்தடி நடந்தால் போதும், நடக்கவில்லை. எனக்கு என் விலா எலும்புகள் முக்கியமாக இருந்தன. பின்குறிப்புக்குப் பதில் தோன்றினால் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இதுதான் பதில். பதினேழு நாள் ஆயிற்று.

கருவி கொடுத்த காரணங்கள் நான்கு: குழந்தை அசைந்தது, கருவிக் கோளாறு, மருத்துவர் ஐயம், எடுப்பவர் தவறு. நான்காவதை அழுத்தினேன்.

தனசேகர் துடித்துப்போனார். இந்த ஆண்டு எனக்கு ஒரு கேடயம் கொடுத்துப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டுவதாக இருந்தாராம். “ஏனுங்க, மூணாவதை அமுக்கியிருந்தா என்னங்க? யாரு கேக்கப் போறாங்க?” என்றார். அவரே தாளை அச்செடுத்து, அவரே மனமில்லாமல் ஒட்டினார். இப்போது என் பெயருக்கு நேரே ‘ஒன்று’ இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். பூஜ்ஜியத்தைவிட அது நிமிர்ந்துதான் நிற்கிறது.

ஆகவே உங்கள் மூன்றாவது வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பூபதி


சேலம்
3 டிசம்பர் 2024

திரு. பூபதி,

திரும்பப் பெற முடியாது. தவறு என்னுடையது. அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. ஒப்பந்தத்தைப் பார்க்கவும்: படத்தின் பொருளுக்கு முழுப் பொறுப்பு படிப்பவருடையது. நீங்கள் எடுத்துக்கொண்ட ‘ஒன்று’ என் வீட்டுப் பொருள். சுவரில் மாட்டிவிட்டீர்கள் என்பதால் விட்டுவைக்கிறேன்.

இரண்டு செய்திகள். மென்பொருளிலிருந்து ‘மூச்சு போதவில்லை’ தானாக வந்து உட்காருவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இனி அதை எழுத நினைப்பவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பாதியில் யோசிப்பார்கள் என்று நம்புகிறேன். அடுத்தது, இந்த வாரம் முதல் படத்தோடு ‘எடுப்பவர் குறிப்பு’ என்று ஒரு கட்டம் வரும், பதினோரு மருத்துவமனைகளுக்கும். அதில் முப்பது எழுத்துக்கு மேல் இடம் இல்லை. உங்களை மனதில் வைத்துத்தான் அளவு சொன்னேன். பெருமைகளுக்கு இடம் போதாது, அரை வரிக்குப் போதும்.

குழந்தைக்கு ஆறு வாரம் கழித்துப் படம் எடுக்க வேண்டும். அதை நீங்களே எடுங்கள்.

சண்முகப்பிரியா


ஆட்டையாம்பட்டி
6 ஜனவரி 2025

மரியாதைக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தனப்பிரியாவின் படம் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். எடுப்பவர் குறிப்பில் ‘உச்சி நடுவில் உள்ளது’ என்று எழுதினேன். முப்பது எழுத்தில் மீதம் இருந்தது. ஆனால் நடந்தது அதில் அடங்காது என்பதால் ஐஸ் பெட்டியை மறுபடியும் நாட வேண்டியிருக்கிறது.

இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள். அப்பா வடக்கேயிருந்து பொங்கலுக்கு வருகிறாராம், போர் போடப் போகிறாராம். இடம்கூடப் பார்த்தாயிற்று. கருவிக்கு முன்னால் அவளாகவே வந்து நெஞ்சை ஒட்டி நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “தெரியுமுங்க மாமா. முங்கோணும்” என்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “சும்மாதான், தொட்டியில இல்ல” என்றாள். பிறகு இழுத்தாள். முகம் கோணவில்லை.

அழுத்தினேன். படம் திரைக்கு வந்தது. இரண்டு சட்டிகளும் அரிவாளால் வகிர்ந்ததுபோலத் தெளிவாக இருந்தன. வலது பக்கம் சற்றே உயரம், உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற அளவு. இடது பக்கம் எண்ணினேன். ஆறு. வலது பக்கம் எண்ணினேன். ஐந்தரை. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன். விலா ஓரத்தில் பழைய நீரின் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. உங்களுக்கு அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டு, அனுப்பப்பட்டது என்று வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து சித்ராவின் குரல் கேட்டது. “ஏனுங்க, புள்ளை இன்னும் மூச்சே வுடலீங்க.”

திரும்பினேன். கன்னம் இரண்டும் சிவந்து, கண் இரண்டும் என்னையே பார்க்க, அசையாமல் நின்றிருந்தாள். முப்பத்தொரு ஆண்டுகளில் முதல் முறையாக, மேலே வரச் சொல்ல மறந்திருந்தேன்.

“மேல வா சாமி, மேல வா” என்றேன்.

அவள் மூச்சை விட்டுவிட்டு, மூடிய கையை என் பக்கம் நீட்டினாள்.

“மண்ணு” என்றாள்.

வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறந்ததற்குக் காரணம் கேட்கும் கட்டம் கருவியில் இல்லை. இருந்திருந்தால் நான்காவதையே அழுத்தியிருப்பேன். இதில் நீங்கள் பங்கு கேட்க முடியாது.

பூபதி